பழைய இரண்டு கட்டை டார்ச்சின் வெளிச்சத்தை கேமில் கொண்டுவருவது

கேம்களில் பழைய காலத்து டார்ச் என்று வருபவற்றில் பெரும்பாலானவை எல்இடி டார்ச்சுக்கு மஞ்சள் பூசியவைதான். சீரான வட்டம், மெத்தென்ற ஓரம், பொத்தானை அமுக்கிய மறுகணமே முழு வெளிச்சம். கதை 1940களிலோ 1970களிலோ நடக்கிறது என்றால் இது உறுத்தும். ஆடுபவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் கண் கண்டுபிடித்துவிடும்.

சரிசெய்ய வேண்டியவை எல்லாம் ஒரே விஷயத்திலிருந்து கிளைக்கின்றன. பழைய டார்ச்சிலிருந்து வருவது இரண்டு வெளிச்சம். பல்பு தானாகவே முன்பக்கம் விடுவது ஒன்று. பல்பைச் சுற்றியிருக்கும் ரிஃப்ளெக்டர் திருப்பி அனுப்புவது இன்னொன்று. இரண்டுக்கும் கோணம் வேறு, பிரகாசம் வேறு, புறப்படும் இடம்கூட வேறு. முதலாவதைச் சிதறல் என்றும் இரண்டாவதை மையக்கற்றை என்றும் இந்தப் பதிவில் சொல்கிறேன். கேமை இயக்கும் மென்பொருளான இன்ஜினிலும் இவற்றை இரண்டு தனி ஸ்பாட் லைட்டாக (கூம்பு வடிவில் ஒளி விடும் விளக்கு) வைப்பதுதான் என் சிபாரிசு. ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

முதலில் அந்தக் கணக்கு

மாதிரிக்கு, இரண்டு டி சைஸ் கட்டை (பேட்டரி) போடும் சாதாரண டார்ச்சை எடுத்துக்கொள்வோம். அதில் உட்காரும் பிஆர்2 பல்பு 2.38 வோல்ட், 0.5 ஆம்பியர். எல்லாத் திசையிலும் சராசரி 0.8 கேண்டெலா (ஒரு திசையில் போகும் வெளிச்சத்தின் அளவு), மொத்தம் சுமார் 10 லூமன் (எல்லாத் திசையும் சேர்ந்த வெளிச்சத்தின் அளவு). ஆமாம், பத்தே லூமன்தான். இன்றைய கைபேசியின் விளக்கே இதைவிடப் பல மடங்கு வெளிச்சம் தரும்.

ரிஃப்ளெக்டரின் வாய் விட்டம் 50 மி.மீ., குவியத் தூரம் 6 மி.மீ. என்று வைத்தால் பரவளையத்தின் ஆழம் 26 மி.மீ. வரும். பல்புக்குள் ஒளிரும் கம்பியான இழை குவியத்தில், அதாவது அடியிலிருந்து 6 மி.மீ. உயரத்தில் இருக்கிறது, விளிம்பு அதற்கு 20 மி.மீ. முன்னால். ஆகவே பல்பின் நேரடி வெளிச்சம் சுமார் 51 டிகிரி அரைக்கோணம் வரை வெளியே போகும், அதற்கு மேல் விளிம்பு மறைத்துவிடும். பல்பு நுழையும் அடித் துளைக்கு 7 மி.மீ. ஆரம் கொடுத்தால், மொத்த வெளிச்சத்தில் 56 சதவீதம் ரிஃப்ளெக்டரில் படும். 19 சதவீதம் நேரே வெளியேறும். மிச்சம் துளைப் பக்கம் போய் வீண்.

ரிஃப்ளெக்டரின் பிரதிபலிப்பு 85 சதவீதம் என்றால் மையக்கற்றைக்குக் கிடைப்பது 4.8 லூமன். இதில் பெரும்பகுதி 5 டிகிரி அரைக்கோணத்துக்குள் குவிகிறது என்று வைத்தால் சராசரி 200 கேண்டெலா. நட்டநடுவில் இதைவிடக் கணிசமாகக் கூடும். சிதறலோ அதே பழைய 0.8 கேண்டெலா. அதாவது 250 மடங்கு வித்தியாசம், உச்சத்தோடு ஒப்பிட்டால் அதற்கும் மேலே.

டார்ச்சின் முழு வெளிச்சத்தையும் ஒரே படத்தில் (டெக்ஸ்சர்) வரைந்து ஒரே விளக்கின் முன் வைப்பது வழக்கமான முறை. இந்த ஒரு எண்தான் அந்த ஒற்றை டெக்ஸ்சர் முறையைக் கவிழ்க்கிறது. உச்சம் சிதறலைப் போல 800 மடங்கு என்றால், வெளிச்சத்தை நேர்விகிதத்தில் பதியும் 8 பிட் லீனியர் டெக்ஸ்சரில் சிதறலின் மதிப்பு ஒன்றுக்கும் கீழே போய்ப் பூஜ்யமாகிவிடும். இருட்டுப் பகுதிக்குக் கூடுதல் படிகள் தரும் எஸ்ஆர்ஜிபி குறியாக்கத்தில் வைத்தாலும் 255 படிகளில் நான்காவது படி, அவ்வளவுதான். சிதறல் காணாமல் போகிறதே என்று அதைத் தூக்கி வரைவார்கள். உடனே டார்ச் சமையலறை விளக்கு மாதிரி எல்லா இடத்தையும் நிரப்பும்.

இன்னொரு சங்கடம் பிக்சல். ஸ்பாட் லைட்டின் ஒளி வடிவத்தைத் தரும் படமான குக்கி, கோணத்தின் டேன்ஜென்ட்டுக்கு ஏற்பப் படத்தில் பரவுகிறது. 51 டிகிரி அரைக்கோணத்துக்கு 1024 பிக்சல் டெக்ஸ்சர் போட்டால், 5 டிகிரி மையக்கற்றைக்குக் கிடைப்பது வெறும் 36 பிக்சல் ஆரம். பழைய டார்ச்சின் வளையமும் கீற்றும் எல்லாம் அந்த 36 பிக்சலுக்குள் அடைபட வேண்டும். மையக்கற்றையைத் தனி விளக்காக்கி 12 டிகிரி அரைக்கோணம் வைத்தால் 512 பிக்சல் டெக்ஸ்சரிலேயே 105 பிக்சல் ஆரம் கிடைக்கிறது. தாராளம்.

இரண்டு விளக்கை எங்கே வைப்பது

சிதறல் விளக்கு இழை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். 0.8 கேண்டெலா, உள்கோணம் (முழு வெளிச்சம் நிற்கும் எல்லை) 49, வெளிக்கோணம் (வெளிச்சம் முற்றிலும் முடியும் எல்லை) 53. விளிம்பு நிழல் கத்தி வெட்டாக இருக்காது: 2 மி.மீ. நீள இழையை 32 மி.மீ. தொலைவில் இருக்கும் விளிம்பு மறைப்பதால் மூன்றரை டிகிரி அளவுக்கு மங்கல் விழும். இதற்கு டெக்ஸ்சரே வேண்டாம்.

மையக்கற்றைதான் சூட்சுமம். 50 மி.மீ. அகலத்தோடு புறப்பட்டு 5 டிகிரி அரைக்கோணத்தில் விரியும் கற்றையைப் பின்னோக்கி நீட்டினால் அதன் உச்சி டார்ச்சின் முன்கண்ணாடிக்கு 29 செ.மீ. பின்னால் விழுகிறது. விளக்கை அங்கே வையுங்கள். கண்ணாடியிலேயே வைத்தால் 30 செ.மீ. தொலைவில் இருக்கும் சுவரில் தலைகீழ் வர்க்க விதிப்படி 2,200 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன்) விழும். சுவர் வெள்ளையாக வெடித்துவிடும். 29 செ.மீ. பின்னுக்குத் தள்ளினால் 570 லக்ஸ். உண்மையான கற்றை அந்தத் தொலைவில் 51 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தில் 4.8 லூமனைப் பரப்புகிறது. வகுத்துப் பார்த்தால் அதுவும் ஏறக்குறைய இதே எண்தான். சுவருக்கு அருகே போனால் டார்ச் கண்ணைக் கூசுகிறது என்று இன்ஜினின் ஒளிமங்கல் விதியை நிறுத்திவிட்டு ஏதோ ஒரு வளைவரையைக் கையால் வரைபவர்கள் இதைச் செய்தாலே போதும்.

ஒரு பக்கவிளைவு உண்டு. விளக்கு இப்போது பாத்திரத்தின் முன்கைக்குள் உட்கார்ந்திருக்கும். ஷேடோ மேப்பின் (நிழலைக் கணிக்க இன்ஜின் எடுக்கும் படம்) அருகெல்லையை 30 செ.மீ.க்குத் தள்ளாவிட்டால் கையே வெளிச்சத்தை மறைத்துவிடும்.

கோணத்தை உள்ளிடும்போது கவனம். இன்ஜின்களில் யூனிட்டி கேட்பது முழுக்கோணம். அன்ரியலும் கோடோவும் கேட்பது அரைக்கோணம். மேலே சொன்ன 12 யூனிட்டியில் 24 ஆகும். மையக்கற்றை விளக்கில் உள்கோணத்தையும் வெளிக்கோணத்தையும் முடிந்தவரை ஒட்டி வையுங்கள். இல்லாவிட்டால் இன்ஜினின் ஓர மங்கல் குக்கியின் மேல் இன்னொரு முறை பெருக்கப்பட்டு, கஷ்டப்பட்டு எடுத்த வளையங்கள் கரைந்துபோகும். கோடோ 4இல் ஸ்பாட் லைட்டின் புரொஜெக்டர் டெக்ஸ்சர் வேலை செய்ய நிழல் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்; டெக்ஸ்சர் போட்டும் ஒன்றும் தெரியவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

வளையமும் கீற்றும் எங்கிருந்து வருகின்றன

குக்கியைக் கையால் வரையப் போகிறவர்களும் இதைப் படித்துவிட்டு வரைவது நல்லது.

இழை ஒரு புள்ளி இல்லை. 2 மி.மீ. நீளமுள்ள சுருள், அச்சுக்குக் குறுக்காகக் கிடக்கிறது. ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு புள்ளியும் அதன் ஒரு பிம்பத்தை முன்னால் எறிகிறது. அடித் துளைக்கு அருகே உள்ள பகுதி இழையிலிருந்து 8 மி.மீ. தள்ளியிருப்பதால் அது எறியும் பிம்பம் 14 டிகிரி வரை நீளும். விளிம்பு 32 மி.மீ. தள்ளி இருக்கிறது, அதன் பிம்பம் 3.6 டிகிரிதான். இந்தப் பெரியதும் சிறியதுமான கீற்றுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து சேர்வதே மையக்கற்றை. அதனால்தான் நடு ஒளிப்பொட்டு துல்லிய வட்டமாக இருக்காது. இழை கிடக்கும் திசையில் சற்று நீண்டிருக்கும். காஸியன் மங்கல் போட்டு வட்டம் வரைந்தால் செயற்கையாகத் தெரிவது இதனால்தான்.

அடுத்தது குவியப் பிசகு. பல்பு முன்னோ பின்னோ 1 மி.மீ. நகர்ந்தால், இழைக்கு நேர் பக்கவாட்டில் இருக்கும் ரிஃப்ளெக்டர் பகுதியின் கதிர் கிட்டத்தட்ட 5 டிகிரி விலகும். விளிம்பின் கதிர் ஒன்றரை டிகிரிதான் விலகும். விளைவு: உள்பகுதி ஒரு வளையமாக விரிய, நடு மங்குகிறது. இன்னும் நகர்த்தினால் நடுவில் கருந்துளையே விழும். தலையைத் திருகிக் குவியம் மாற்றும் டார்ச் என்றால் இந்த மாற்றத்தைக் காட்டியே ஆக வேண்டும். குவியம் சரியாக இருப்பது, 0.5 மி.மீ. பிசகு, 1 மி.மீ., 2 மி.மீ. என நான்கு குக்கிகளைத் தயார் செய்து அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே கலந்தால் போதும். ஒரே குக்கியைப் பெரிதாக்கிச் சிறிதாக்கினால் சினிமா புரொஜெக்டர் மாதிரிதான் இருக்கும்.

மூன்றாவது, பல்பின் கண்ணாடிக் குமிழ். இழையின் வெளிச்சம் அதன் உள்பக்கம் பட்டுத் திரும்புவதால் மையத்துக்கு வெளியே மெல்லிய வில் வில்லாகக் கீற்றுகள் விழும். இழையைத் தாங்கும் இரண்டு கம்பிகள் எதிரெதிர்த் திசையில் மங்கிய ஆப்புகளை விடும். ரிஃப்ளெக்டரில் நசுங்கல் இருந்தால் அந்த இடத்துக்குரிய கீற்று மட்டும் கூட்டத்தை விட்டு விலகி நிற்கும். இப்படி ஒன்றிரண்டு போதும். எல்லாவற்றையும் சேர்த்து அழுக்கு டெக்ஸ்சர் ஒன்றையும் மேலே அப்புவது இப்போதைய வழக்கமாகிவிட்டது. முன்கண்ணாடியில் இருக்கும் தூசியும் கைரேகையும் சுவரில் உருவமாக விழவே விழாது. சுவரின் ஒவ்வொரு புள்ளிக்கும் கண்ணாடியின் பல இடங்களிலிருந்து வெளிச்சம் வந்து சேர்வதால், அவை கற்றையைச் சற்று மங்கலாக்கிச் சிதறடிப்பதோடு சரி.

இவையெல்லாம் வழவழப்பான பரவளைய ரிஃப்ளெக்டருக்கு. மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக இருப்பவற்றில் வளையங்கள் கரைந்துவிடும். முன்னால் தடித்த குவிலென்ஸ் வைத்த ஆரம்பகால டார்ச்சுகள் வேறு இனம். அவற்றுக்கு அகன்ற சிதறல் கிடையாது, ஓரத்தில் நிறப்பிரிகை தெரியும், ஒற்றை விளக்கே போதும்.

குக்கியை எடுக்கும் வழி

புகைப்படம் எடுப்பது, கதிர்களைக் கணக்கிடுவது, வரைவது என்று மூன்று வழிகள் உண்டு. கையில் நிஜ டார்ச் இருந்தால் புகைப்படம். இல்லாவிட்டால் கணக்கு. வரைவதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

புகைப்படத்துக்கு மினுமினுப்பில்லாத வெள்ளைச் சுவர், 3 மீட்டர் தொலைவு. கேமராவை டார்ச்சின் அச்சுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் முக்காலியில் நிறுத்துங்கள். பக்கவாட்டில் நின்றால் வட்டம் நீள்வட்டமாகும். கட்டையைக் கழற்றிவிட்டு, ஒழுங்குபடுத்தப்பட்ட மின்வழங்கியிலிருந்து 2.38 வோல்ட் கொடுங்கள். கட்டையோடு எடுத்தால் முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நடுவே வெளிச்சம் இறங்கிவிடும், சேர்க்கும்போது படிப்படியாகக் கோடு விழும். ரா கோப்பு, ஐஎஸ்ஓ 100, எஃப் 4, வெள்ளைச் சமநிலையைக் கையால் பூட்டுங்கள். ஷட்டர் 1/8, 1/2, 2, 8, 30 வினாடி என்று ஐந்து படங்கள். டார்ச்சை அணைத்து, அதே அறையில் அதே 30 வினாடிக்கு இன்னொன்று. கசியும் வெளிச்சத்தைக் கழிக்க அது வேண்டும். ஐந்தையும் இருட்டும் வெளிச்சமும் இரண்டும் தங்கும் ஒரே எச்டிஆர் படமாகச் சேர்த்து, லென்ஸின் ஓரக் கருமையைத் திருத்தி, நிறத்தை நீக்கிச் சாம்பல் படமாக்குங்கள். நிறம் விளக்கிலிருந்து வரட்டும். டெக்ஸ்சரிலும் மஞ்சள், விளக்கிலும் மஞ்சள் என்றால் மஞ்சள் இரண்டு முறை பெருக்கப்பட்டுச் செங்கல் நிறமாகிவிடும்.

பிறகு ஒரு திருத்தம் இருக்கிறது. பலர் விட்டுவிடுவது இதைத்தான். தட்டைச் சுவரில் ஓரத்துக்குப் போகப் போகத் தொலைவும் கூடுகிறது, சாய்வும் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து வெளிச்சத்தைக் கொசைனின் மூன்றாம் அடுக்காகக் குறைக்கின்றன. இன்ஜின் இதே இரண்டையும் தானே கணக்கிடும். எனவே படத்தை ஒவ்வொரு பிக்சலிலும் கொசைனின் மூன்றாம் அடுக்கால் வகுத்துவிட வேண்டும். 12 டிகிரியில் இது 6 சதவீதச் சமாசாரம், விட்டாலும் பெரிதாகத் தெரியாது. 51 டிகிரியில் நான்கு மடங்கு. சிதறலையும் புகைப்படத்திலிருந்தே எடுக்கிறவர்களுக்கு ஓரம் செத்துப்போவது இதனால்தான்.

கணக்கிடும் வழிக்கு முழு ரெண்டரர் தேவையில்லை. பிளெண்டரின் சைக்கிள்ஸ் போன்ற பாத் டிரேசரில் (ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டுப் படம் உருவாக்கும் மென்பொருள்) மிகச் சின்ன இழையும் வழவழப்பான ஆடியும் சேர்ந்தால் இரைச்சல் அடங்கவே அடங்காது. சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதுங்கள்: இழையின் மேல் ஏதோ ஒரு புள்ளி, ஏதோ ஒரு திசை, பரவளையத்தில் மோதும் இடம், அங்கே பிரதிபலிப்பு. பிரதிபலிக்கும் முன் மேற்பரப்பின் சாய்வில் 0.3 முதல் 0.5 டிகிரி வரை தற்செயல் பிழை சேருங்கள். பழைய தகட்டு ரிஃப்ளெக்டருக்கு அது பொருந்தும், பூஜ்யமாக விட்டால் படம் கூர்மையாகி கணினியில் செய்தது என்று காட்டிக்கொடுக்கும். வெளியேறும் திசையின் டேன்ஜென்ட்டை இரண்டு அச்சிலும் எடுத்து 512க்கு 512 கட்டத்தில் எண்ணுங்கள். இரண்டு மூன்று கோடிக் கதிர்கள் இருந்தால் இரைச்சல் அடங்கும். எண்ணிக்கையை மறுபடி அதே கொசைன் மூன்றாம் அடுக்கால் வகுத்தால் அதுவே குக்கி. இழையை அச்சில் 0.5, 1, 2 மி.மீ. நகர்த்தி மீண்டும் ஓட்டினால் குவியப் பிசகுக் குக்கிகளும் கைக்கு வந்துவிடும்.

இறக்குமதியில் நடக்கும் விபத்துகள்

ஒற்றைச் சானல், 16 பிட், லீனியர், சுருக்கம் வேண்டாம். பிளாக் சுருக்கம் போட்டால் 4க்கு 4 கட்டங்கள் மங்கிய சரிவுகளில் படிக்கட்டாகத் தெரியும்; இருட்டறைச் சுவரில் அதை மறைக்க வழியே இல்லை. யூனிட்டியின் யூஆர்பி ரெண்டரிங் முறையில், எல்லாக் குக்கிகளையும் ஒன்றாக அடுக்கி வைக்கும் குக்கி அட்லஸின் பார்மட்டையும் கிரேஸ்கேல் ஹை ஆக்குங்கள். டெக்ஸ்சரை மட்டும் 16 பிட்டில் வைத்து அட்லஸை 8 பிட்டில் விட்டால் பயனில்லை.

படத்தின் எல்லைக்கு வெளியே என்ன காட்டுவது என்று சொல்லும் ராப் அமைப்பு கிளாம்ப், வெளி ஓரத்தில் குறைந்தது இரண்டு பிக்சல் சுத்தக் கறுப்பு. ஓரத்தில் ஒரு துளி வெளிச்சம் மிஞ்சினாலும் அது கூம்பின் எல்லைவரை இழுபட்டுச் சதுரமாகத் தெரியும். மிப்மேப்பை (தூரத்துக்கு ஏற்பப் பயன்படும் சிறிய நகல்கள்) அணைத்துவிடுங்கள். முன்னால் ஒரு தூண், பின்னால் தூரத்துச் சுவர் என்று ஆழம் திடீரென மாறும் ஓரங்களில் தவறான மிப் தேர்வாகி ஒரு பிக்சல் அகலக் கோடு மின்னும்.

அன்ரியலில் லைட் ஃபங்ஷன் மெட்டீரியல் வழியாக இதே படத்தைக் கொடுக்கலாம். எந்தக் கோணத்தில் எவ்வளவு வெளிச்சம் என்று எண்களாகச் சொல்லும் ஐஇஎஸ் கோப்பு சிதறலுக்குப் பொருந்தும். மையக்கற்றையின் கீற்றுகளுக்கு அது ஆகாது.

நிறம்

பிஆர்2 போன்ற சிறு பல்புக்கு 2,400 கெல்வின் நல்ல தொடக்கம். எஸ்ஆர்ஜிபியில் ஏறத்தாழ 255, 157, 63. லீனியரில் 1, 0.34, 0.05. நீலம் இருபதில் ஒரு பங்கு. நீலச் சாயம் பூசிய கதவு இந்த வெளிச்சத்தில் கறுப்பாகத்தான் தெரியும், பிழை என்று நினைத்து அதன் அல்பிடோவை (பரப்பின் அடிப்படை நிறம்) தூக்கிவிடாதீர்கள். இந்த மூன்று எண்ணையும் கையால் நிறப்பெட்டியில் போட்டால் ஒளிர்வு 0.46 மடங்காகக் குறையும். செறிவை 0.46ஆல் வகுத்துச் சரிக்கட்டுங்கள், இல்லாவிட்டால் மேலே போட்ட கேண்டெலாக் கணக்கு அத்தனையும் பாதியாகிவிடும்.

கேமராவின் வெள்ளைச் சமநிலையை 6,500இல் விட்டால் திரை முழுக்க ஆரஞ்சு. நிஜத்தில் கண் பழகிக்கொள்ளும்; டங்ஸ்டன் ஃபிலிமும் 3,200 கெல்வினுக்குச் சமன்செய்யப்பட்டது. எனவே டார்ச் மட்டும் எரியும் காட்சிக்கு 3,200 முதல் 4,000 வரை வைப்பது சரி. டார்ச் மிதமான மஞ்சளாகும், ஜன்னல் வழி வரும் நிலவொளி தானாகவே நீலம் பாயும். நிலவுக்குத் தனியாக நீலம் பூசத் தேவையில்லை.

காட்சியின் வெளிச்சத்தைத் திரைக்குள் அடங்கும்படி அமுக்கும் டோன்மேப்பிங்கும் கை வைக்கும். ஒவ்வொரு சானலையும் தனித்தனியாக அமுக்கும் வளைவரைகளில் பிரகாசமான ஆரஞ்சு முதலில் மஞ்சளாகி, பிறகு வெளுக்கும். இந்த வேலைக்கு அது சாதகம்: நடு வெளிர் மஞ்சள், ஓரம் பழுப்பு என்று பழைய டார்ச்சின் தோற்றம் இலவசமாகக் கிடைக்கிறது.

கட்டை இறங்குவது

வோல்ட் குறையும்போது இழைப் பல்பு நடந்துகொள்ளும் விதத்துக்கு நெடுங்காலப் பொறியியல் சூத்திரங்கள் இருக்கின்றன. வெளிச்சம் வோல்ட் விகிதத்தின் 3.4ஆம் அடுக்கு, நிறவெப்பம் 0.42ஆம் அடுக்கு. இரண்டையும் இணைத்தால், வெளிச்சம் வெப்பநிலை விகிதத்தின் எட்டாம் அடுக்கு. ஆகவே நிரலில் வைத்துக்கொள்ள வேண்டிய மாறி ஒன்றே ஒன்று: இழையின் வெப்பநிலை. நிறமும் செறிவும் அதிலிருந்து வரும். செறிவை மட்டும் குறைத்து நிறத்தை அப்படியே விடுவதுதான் கேம்களில் அதிகம் காணும் குறை.

இரண்டு கட்டை சேர்ந்து 3 வோல்ட்; பல்போ 2.38 வோல்ட். சுமை ஏறினால் துத்தநாக-கரிக் கட்டை இறங்கும் என்று தெரிந்தே அப்படி வைத்திருக்கிறார்கள். கட்டையை ஒரு மின்னழுத்தமும் ஓர் உள்தடையும் என்று மாதிரிப்படுத்துங்கள். புதிதில் 3 வோல்ட், 1 ஓம். சாகும் தறுவாயில் 2.4 வோல்ட், 4 ஓம். பல்புக்கு 4.8 ஓம் நிலையாக வைத்தாலும் கேமுக்குப் போதும். கடைசியில் பல்புக்குக் கிடைப்பது 1.3 வோல்ட். அப்போது வெளிச்சம் 13 சதவீதம், நிறம் 1,870 கெல்வின். செம்மஞ்சள் முனகல்.

துத்தநாக-கரிக் கட்டையின் தனிக்குணம், அணைத்து வைத்தால் தேறிக்கொள்வது. உள்தடையில் ஒரு பகுதியை வேகமாக ஏறி இறங்குவதாக வையுங்கள்: எரியும்போது 40 வினாடி நேர மாறிலியில் ஏறட்டும், அணைந்திருக்கும்போது 60 வினாடியில் இறங்கட்டும். இவை கேமுக்கான வேகம். நிஜத்தில் மிக மெதுவாக நடக்கும். அணைத்துச் சேமித்தால் பலன் உண்டு என்பதை ஆடுபவர் திரையில் எந்த அளவுகோலும் இல்லாமலே கற்றுக்கொள்வார். பேட்டரிப் பட்டையைத் திரையிலிருந்து தூக்கிவிடலாம் என்றே சொல்வேன்.

போடுவதும் அணைப்பதும்

இழைக்குச் சூடேற நேரம் வேண்டும். ஒவ்வொரு பிரேமிலும் இலக்கு வெப்பநிலையை வோல்ட்டிலிருந்து கணக்கிட்டு, நடப்பு வெப்பநிலையை அதை நோக்கி நகர்த்துங்கள், ஏறுவதற்கு 0.05 வினாடி மாறிலி, ஆறுவதற்கு 0.15 வினாடி. எட்டாம் அடுக்கு இருப்பதால் முதல் 0.06 வினாடிக்கு ஏதும் வராதது போலிருந்து, பிறகு விறுவிறுவென்று ஏறி 0.12 வினாடியில் பாதி வெளிச்சம் வரும். அணைக்கும்போது 0.05 வினாடியில் பத்தில் ஒரு பங்காகிவிடும், கடைசியில் ஒரு சிவப்பு வால். நகர்த்தலை அடுக்குக்குறிச் சார்பால் செய்யுங்கள். பிரேமுக்கு இத்தனை சதவீதம் என்று போட்டால் 30 பிரேமில் ஒரு டார்ச், 144 பிரேமில் வேறொரு டார்ச்.

மினுக்கலும் இதே வழியில்தான் வர வேண்டும். செறிவைத் தற்செயல் எண்ணால் பெருக்கினால் கெட்டுப்போன குழல்விளக்குதான் தெரியும். பழைய டார்ச் மினுங்குவது தொடர்பு கெட்டதால்: துருவேறிய ஸ்பிரிங், தேய்ந்த பித்தளைப் பட்டை. எனவே உள்தடையோடு 0 முதல் 3 ஓம் வரை ஒரு தொடர்புத்தடையைச் சேர்த்து, அதை அசையுங்கள். காலடி விழும்போது, குதிக்கும்போது, எதிலாவது முட்டும்போது அது மாறட்டும்; சும்மா நிற்கும்போது மாறக் கூடாது. இழையின் சூடு அதைத் தானே மழுங்கடித்துவிடும், நிறமும் கூடவே சிவந்து மீளும். டார்ச்சை உள்ளங்கையில் தட்டும் அசைவு இருந்தால், தட்டியதும் அந்தத் தடையைப் பூஜ்யமாக்குங்கள்.

அறைக்குள்

மையக்கற்றையின் 4.8 லூமன் வெள்ளைச் சுவரில் பட்டால் 70 சதவீதம் திரும்பும்; நேர் எதிரே அது சுமார் 1 கேண்டெலா. சிதறலின் 0.8ஐ விட இது அதிகம். சின்ன அறையில் பாதி வெளிச்சம் சுவர் திருப்பிக் கொடுப்பதுதான். இன்ஜினில் உடனடி மறைமுக ஒளி இல்லையென்றால், கற்றை படும் இடத்திலிருந்து 25 செ.மீ. முன்னால் நிழலில்லாத ஒரு பாயின்ட் லைட் வைத்துச் சுவரின் நிறத்தால் பெருக்குங்கள். ஒரே கதிரை நம்பினால் கதவோரத்தைத் தாண்டும்போது அது துள்ளும். ஐந்து கதிர்களின் சராசரியும் 0.1 வினாடி மென்மையாக்கமும் வேண்டும்.

சிதறல் 2 மீட்டரில் 0.2 லக்ஸ், கிட்டத்தட்ட முழு நிலவின் அளவு. மையக்கற்றை 5 மீட்டரில் 8 லக்ஸ். எக்ஸ்போஷரை இவி (எக்ஸ்போஷர் அளவு) −2க்கும் 2க்கும் இடையில் பூட்டாவிட்டால் தானியங்கி எக்ஸ்போஷர் இருட்டு மூலையைப் பார்த்ததும் எல்லாவற்றையும் தூக்கிவிடும். கட்டை இறங்குவதையும் அது ஈடுகட்டிவிடுவதால், மேலே செய்த வேலையெல்லாம் கண்ணுக்கே தெரியாமல் போகும்.

டார்ச்சைக் கண்ணின் இடத்தில் வைக்காதீர்கள். நிழல்கள் எல்லாம் பொருள்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். 20 செ.மீ. வலது, 30 செ.மீ. கீழே, 6 மீட்டர் தொலைவில் பார்வையோடு சேரும்படி சாய்வு.

காற்றில் கற்றை தெரிவது புகை, பனி, தூசி இருக்கும் இடத்தில் மட்டும். பத்து லூமன் டார்ச் சுத்தமான காற்றில் வாள் மாதிரி நீளாது. காற்றில் கற்றை தெரியவைக்கும் வால்யூமெட்ரிக் ஃபாக் போடும் இடங்களில் மையக்கற்றையின் குக்கிக்கு மங்கலாக்கிய 64 பிக்சல் நகல் ஒன்றைத் தனியாகக் கொடுங்கள். கூர்மையான வளையங்கள் ஃபாக் கட்டங்களைவிட நுண்மையானவை. அசல் குக்கியையே கொடுத்தால் டார்ச் அசையும்போதெல்லாம் காற்றில் கோடுகள் ஊர்ந்துகொண்டிருக்கும். சிதறல் விளக்கின் வால்யூமெட்ரிக் பங்கைப் பூஜ்யமாக்கிவிடலாம், அதன் செலவும் மிச்சம்.